இரண்டாவது நாற்காலியை விரும்பிய ஆன்டன் ஸ்டாட்லர்

"மொசார்ட்டின் கிளாரினெட் கன்செர்ட்டோ ஸ்டாட்லர் என்பவருக்காக எழுதப்பட்டது என்று படித்தேன். அதே பக்கத்தில், அவர் மொசார்ட்டிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவர் என்றும் போட்டிருந்தது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா? அவர் வேறு என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் கதை உண்மைதான். ஆனால் அதிலிருந்து தொடங்கினால் ஆளைத் தவறவிடுவோம். வாத்தியக்காரர், வாத்தியத்தையே திருத்தியமைத்தவர், ஊர் ஊராகப் போய் வாசித்தவர், பாடல்கள் இயற்றியவர், கடைசியில் ஓர் இசைப்பள்ளிக்கு முழுப் பாடத்திட்டம் எழுதிக் கொடுத்தவர் என்று பல வேலைகளைச் செய்தவர் ஆன்டன் ஸ்டாட்லர். கடன் அதில் ஓர் அத்தியாயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

1753இல் வியன்னாவுக்குக் கிழக்கே புரூக் அன் டெர் லைத்தா என்ற சிற்றூரில் பிறந்தார். தம்பி யோஹான் இரண்டு வயது இளையவர். இருவருமே கிளாரினெட் வாசித்தார்கள். 1773இல் வியன்னாவின் இசைக்கலைஞர் சங்கம் நடத்திய கச்சேரியில் சகோதரர்களின் பெயர் தென்படுகிறது. இறந்துபோன உறுப்பினர்களின் மனைவி மக்களுக்கு நிதி திரட்ட ஏற்பட்ட சங்கம் அது. அதன் மேடையில் ஏறுவது அன்றைக்கு ஒரு மரியாதை.

அந்தக் காலத்தில் கிளாரினெட் புது வரவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வயலினுக்கும் ஓபோவுக்கும் இருந்த நிலையான இடம் அதற்கு இல்லை. 1778 டிசம்பரில் மன்ஹைம் நகரத்திலிருந்து மொசார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், நம் ஊரிலும் கிளாரினெட் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்குகிறார். சால்ஸ்பர்க் அவையில் அந்த வாத்தியமே கிடையாது. ஆகவே கிளாரினெட்டை மட்டும் நம்பிப் பிழைப்பது துணிச்சலான காரியம். ஸ்டாட்லர் சகோதரர்கள் அப்படி நம்பவும் இல்லை. வியன்னா அரசவையில் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலிக்கு வாசித்தார்கள். வியன்னாவில் இருந்த ரஷ்யத் தூதர் கலித்சின் பிரபுவிடமும் வேலை பார்த்தார்கள். 1781இல் ஆன்டன், எட்டிங்கன்-வாலர்ஸ்டைன் சமஸ்தானத்தில் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். கிளாரினெட்டோடு பாசெட் ஹார்னும் (கிளாரினெட் குடும்பத்தில் கீழ்க்குரல் கொண்ட வாத்தியம்) வாசிப்போம், வயலினும் வியோலாவும் கொஞ்சம் தெரியும் என்று அதில் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார். வேலை தேடுகிறவர்களின் கடிதம் எந்த நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அந்த வேலைக்கு அவர்கள் போக நேரவில்லை. 1782 தொடக்கத்தில் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் அவையிலேயே நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. அதே ஆண்டில் பேரரசர் தமக்கென்று ஒரு காற்றிசைக் குழுவையும் ஏற்படுத்தினார். இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு ஹார்ன், இரண்டு பசூன் என மொத்தம் எட்டுப் பேர். விருந்தின்போதும் தோட்டத்திலும் வாசிப்பது அவர்கள் வேலை. அந்த வாரம் ஊரில் பேசப்பட்ட ஆப்பெராவின் பாட்டுகளை எட்டு வாத்தியங்களுக்குச் சுருக்கி வாசிப்பார்கள். மொசார்ட்டின் 'டான் ஜியோவானி'யில் கதாநாயகன் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மேடையிலேயே ஒரு குழு வாசிக்கிறதே, அது இந்த வழக்கத்தைப் பார்த்துச் செய்ததுதான்.

இந்தக் குழுவில் முதல் கிளாரினெட் தம்பி யோஹான். அண்ணன் ஆன்டன் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். திறமை குறைவு என்று யாரும் உட்கார வைக்கவில்லை, அவராக விரும்பி உட்கார்ந்த இடம் அது. முதல் கிளாரினெட்டுக்கு மேல் ஸ்தாயியில் மெட்டு. இரண்டாவதற்குக் கீழே, வாத்தியத்தின் அடிவயிற்றில் வேலை. ஆன்டனுக்குப் பிடித்தது அந்த அடிவயிறு. அவருடைய பிற்கால வாழ்க்கையில் நடந்தவற்றில் பாதி இந்த ஒரு விருப்பத்திலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

அந்த அடிவயிறு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். புல்லாங்குழலில் கொஞ்சம் அழுத்தி ஊதினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே எழும். கிளாரினெட் அப்படிச் செய்யாது. அதன் குழல் நெடுக ஒரே அகலம். வாயில் வைத்து ஊதும்போது அதிரும் நாணல் பட்டையான ரீட் இருக்கும் முனை, அடைத்த முனை போலச் செயல்படுகிறது. அதனால் கீழ்ச் சட்ஜத்தில் விரல் வைத்து மேலே தாவினால், மேல் சட்ஜத்தைத் தாண்டி அதற்கும் மேலே உள்ள பஞ்சமத்தில் போய் நிற்கும். விளைவு, ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு குரல்கள். மேலே இருப்பது பளிச்சென்று ஒலிக்கும். கீழே இருப்பது கருத்து, கனத்து, கொஞ்சம் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அந்தக் காலத்து வித்வான்கள் பலர் மேல் குரலில் பறந்து கைதட்டல் வாங்கினார்கள். ஆன்டன் கீழ்க்குரலில் நிதானமாக நடந்தார்.

1784 மார்ச் 23 அன்று வியன்னா புர்க் தியேட்டரில் அவருடைய நிதிக்காக ஒரு கச்சேரி நடந்தது. மொசார்ட் 13 வாத்தியங்களுக்கு எழுதிய பெரிய செரனேடின் நான்கு பகுதிகள் அன்று ஒலித்தன. கேட்டவர்களில் ஷிங்க் என்ற எழுத்தாளர் ஒருவர். கிளாரினெட் மனிதக் குரலை இவ்வளவு ஏமாற்றும்படி போலச் செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை, நெஞ்சு உள்ளவன் எவனும் இந்த நாதத்துக்கு மசியாமல் இருக்க முடியாது என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். விரல் வேகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததைக் கவனியுங்கள்.

மொசார்ட்டும் ஸ்டாட்லரும் நெருங்கியது இந்த ஆண்டுகளில்தான். இருவரும் ஃப்ரீமேசன் சகோதரத்துவத்தில் சேர்ந்தார்கள், வெவ்வேறு கிளைகளில். 1786 ஆகஸ்டில் பியானோ, கிளாரினெட், வியோலா மூன்றுக்குமாக ஒரு டிரியோவை மொசார்ட் எழுதினார். பியானோவில் அவருடைய மாணவி பிரான்சிஸ்கா ஃபான் ஜாகின், வியோலாவில் மொசார்ட், கிளாரினெட்டில் ஸ்டாட்லர். நண்பர் வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்கென்று பிறந்த இசை அது. நண்பர்களுக்கெல்லாம் அர்த்தமில்லாத பட்டப்பெயர் சூட்டுவது மொசார்ட்டின் பழக்கம். ஸ்டாட்லருக்குக் கிடைத்தது 'நாட்சிபினிட்சிபி'. பின்னாளில் ஒரு கடிதத்தில் அவருடைய முகத்தை ரெட் கரன்ட் என்ற சிறிய சிவப்புப் பழத்தோடு ஒப்பிடுகிறார். குடியைச் சொல்கிறாரா, வெறும் கேலியா, அவரவர் ஊகம்.

இனி வாத்தியத்தைத் திருத்திய கதை. சாதாரண கிளாரினெட் இறங்கும் கடைசிச் சுரத்தை நம் கணக்கில் சொல்கிறேன். வாத்தியத்தின் சொந்தச் சுருதியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் அது கீழே அந்தர காந்தாரத்தோடு நின்றுவிடும். சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம், சட்ஜம் ஆகிய நான்கும் கிடையாது. வீட்டு வாசல் வரை வந்து படியேறாமல் திரும்புவது போன்ற நிலை. கீழ்க்குரலையே காதலித்த ஒருவருக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

1788 பிப்ரவரி 20 அன்று நடந்த கச்சேரிக்கான அறிவிப்பில், அரசவை வாத்தியம் செய்பவர் தியோடர் லோட்ஸ் புதிதாக உருவாக்கிய கிளாரினெட்டில் மூத்த ஸ்டாட்லர் வாசிப்பார் என்றும், அதில் வழக்கத்தைவிட இரண்டு சுரங்கள் கூடுதல் என்றும் போட்டிருந்தது. பிறகு அந்த இரண்டு நான்காயின. சட்ஜம் வரை படி இறங்கியாயிற்று. இன்று இதைப் பாசெட் கிளாரினெட் என்கிறோம். கண்டுபிடித்த பெருமை லோட்ஸுக்கா, ஸ்டாட்லருக்கா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடுகிறார்கள். ஆசாரி இல்லாமல் வீணை இல்லை, வைணிகன் குறை சொல்லாமல் வீணை திருந்துவதும் இல்லை. இருவருக்கும் பங்கு உண்டு என்று விட்டுவிடலாம்.

இந்த வாத்தியம் கைக்கு வந்தபின் மொசார்ட் எழுதியவைதான் ஸ்டாட்லரின் பெயரை உலகத்தில் நிறுத்தியவை. முதலில் கிளாரினெட்டோடு நான்கு தந்தி வாத்தியங்கள் சேரும் குவின்டெட். 1789 செப்டம்பர் 29 அன்று முடித்தார், டிசம்பர் 22 அன்று அரங்கேறியது. அடுத்து 1791 செப்டம்பரில், பேரரசர் இரண்டாம் லியோபோல்ட் பொஹீமியாவின் மன்னராக முடிசூடிய விழாவுக்காகப் பிராகில் அரங்கேறிய 'லா கிளெமென்ஸா டி டிட்டோ' ஆப்பெரா. அதில் இரண்டு பாட்டுகளில் பாடகருக்கு இணையாக ஸ்டாட்லருக்கு வேலை இருக்கிறது. ஒன்றில் பாசெட் கிளாரினெட், மற்றொன்றில் பாசெட் ஹார்ன். பிராக் ரசிகர்கள் ஆரவாரித்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்த சக வித்வான்களே 'பிராவோ' என்று கத்தினார்கள் என்று ஸ்டாட்லர் எழுதிய செய்தியை மொசார்ட் மனைவிக்குச் சொல்கிறார்.

அந்தக் கடிதம் 1791 அக்டோபர் 7, 8 தேதிகளில் எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த கடிதம். மனைவி பாடன் ஊருக்குப் புறப்பட்டதும் தன்னோடு தானே இரண்டு ஆட்டம் பில்லியர்ட்ஸ் ஆடினேன், குதிரையை 14 டூகட்டுக்கு விற்றேன், கறுப்புக் காப்பி வரவழைத்துக் குடித்தேன், ஒரு குழாய் புகையிலை பிடித்தேன், அப்புறம் ஸ்டாட்லருடைய ரோண்டோவை ஏறக்குறைய முழுவதும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதி முடித்தேன் என்கிறார். கிளாரினெட் கன்செர்ட்டோவின் கடைசிப் பகுதிதான் அந்த ரோண்டோ. அதற்கு இரண்டே மாதத்தில், டிசம்பர் 5 அன்று, அவர் இறந்துபோனார்.

கன்செர்ட்டோ ஏ சுருதிக்கு எழுதியது. கிளாரினெட்டும் ஏ கிளாரினெட். அதாவது பாட்டின் ஆதார சட்ஜமும் வாத்தியத்தின் சட்ஜமும் ஒன்றே. சாதாரண கிளாரினெட்டால் கீழே தொட முடியாத அந்தச் சட்ஜத்தை ஸ்டாட்லரின் வாத்தியத்தால் தொட முடிந்தது. மெட்டு சரிந்து சரிந்து இறங்கி, ஆதாரத்தில் காலூன்றி நிற்கும்படி மொசார்ட் எழுதியிருக்கிறார். ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ கிடையாது, டிரம்பெட் கிடையாது. பிளூட், பசூன், ஹார்ன், தந்திகள், அவ்வளவுதான். கிளாரினெட்டின் நிறத்துக்குப் போட்டியாக எதுவும் வரக்கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது.

அக்டோபர் 16 அன்று பிராகில் இது முதன்முதலில் ஒலித்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கிருந்து ஸ்டாட்லர் நீண்ட பயணத்தைத் தொடங்கினார். அரசவை வேலையை விடாமல் விடுப்பில் கிளம்பிப் பெர்லின், வார்சா, ரிகா, பீட்டர்ஸ்பர்க், ஹாம்பர்க் என்று சுற்றினார். வியன்னா திரும்பியபோது 1796 ஆகிவிட்டது. 1794இல் ரிகாவில் வாசித்த கச்சேரிகளின் நிகழ்ச்சித் தாள்கள் அங்கே ஒரு நூலகத்தில் இரண்டு நூற்றாண்டு உறங்கின. 1990களின் தொடக்கத்தில் பமேலா பூலின் என்ற ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தார். தாளில் வாத்தியத்தின் படமே அச்சாகியிருந்தது. குழல் நேராக இறங்கி, அடியில் குறுக்கே திரும்பி, உருண்டையான வாயோடு முடிகிறது. அதுவரை இன்றைய கிளாரினெட்டைக் கொஞ்சம் நீட்டினால் போதும் என்று செய்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சிறு படம் பெரிய அதிர்ச்சி.

இப்போது கடன். மொசார்ட் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில், அரசவை வாத்தியக்காரர் ஆன்டன் ஸ்டாட்லர் 500 குல்டன் தர வேண்டும் என்றும் அதற்குப் பத்திரம் எதுவும் இல்லை என்றும் இருக்கிறது. அரசவையில் மொசார்ட்டின் ஆண்டுச் சம்பளம் 800 குல்டன் என்பதை வைத்து அதன் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொசார்ட்டே அந்த ஆண்டுகளில் புக்பெர்க் என்ற வணிக நண்பரிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கடன் வாங்கிக்கொண்டிருந்தவர். மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸவை மறுமணம் செய்த நிஸ்ஸன் எழுதி 1828இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் இன்னொரு கதை வருகிறது. கையில் பணமில்லாதபோது ஸ்டாட்லருக்காக மொசார்ட் தம் பைக்கடிகாரங்கள் இரண்டை அடகு வைக்கக் கொடுத்தார், மீட்கக் கொடுத்த பணத்தையும் ஸ்டாட்லர் செலவழித்துவிட்டார் என்று. கையெழுத்துப் பிரதிகள் விஷயத்திலும் அவர் பெயர் கெட்டிருக்கிறது. 1800இல் பதிப்பாளர் ஆந்த்ரேக்கு எழுதிய கடிதத்தில் கான்ஸ்டான்ஸ, மூத்த ஸ்டாட்லரைக் கேட்டுப் பாருங்கள், ஜெர்மனியில் பெட்டியைத் திருடிவிட்டார்கள் என்கிறார் அவர், 73 டூகட்டுக்கு அடகு வைத்துவிட்டார் என்கிறார்கள் மற்றவர்கள் என்று எழுதுகிறார்.

இவற்றில் சொத்துப் பட்டியல் மட்டும் ஆவணம். மற்றவை மனக்கசப்போடு நினைவுகூர்ந்தவர்கள் சொன்னவை. ஸ்டாட்லரை யோக்கியர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கடனாளிக்கு எழுதிய பாட்டு கடன் கொடுத்தவரின் கடைசிக் கன்செர்ட்டோ ஆனது என்றால், இருவருக்கும் இடையில் கணக்குப் புத்தகத்தில் ஏறாத ஏதோ இருந்திருக்கிறது.

கையெழுத்துப் பிரதி போனதால் வந்த நஷ்டம் பணத்தைவிடப் பெரியது. கன்செர்ட்டோ 1801இல் அச்சேறியபோது பதிப்பாளர்கள் அதைச் சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். பாசெட் கிளாரினெட் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், விற்க வேண்டாமா? கீழே இறங்க வேண்டிய இடங்கள் பாதி வழியில் திரும்பி மேலே ஏறின. 1802இல் லைப்சிக் இசைப் பத்திரிகையில் மதிப்புரை எழுதியவர், இந்தந்த இடங்கள் மூலத்தில் வேறு மாதிரி என்று எடுத்துக்காட்டியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் உலகம் திருத்திய பாடத்தையே வாசித்தது. 1951இல் பிராகில் பாசெட் கிளாரினெட்டில் பழைய வடிவத்தை மீட்டு வாசித்தபிறகே காற்று மாறியது.

நீங்கள் 'வேறு என்ன செய்தார்' என்று கேட்டதற்கு உண்மையான பதில் இனிமேல்தான். ஹங்கேரியில் பாலட்டன் ஏரிக்கரையில் கெஸ்ட்ஹெய் என்ற ஊர். அங்கே ஃபெஸ்டெடிச் பிரபு 1797இல் ஒரு வேளாண்மைக் கல்லூரி தொடங்கினார். ஐரோப்பாவின் முதல் வேளாண் கல்லூரிகளில் ஒன்று. அவருக்கு இசைப்பள்ளி ஒன்றும் நடத்த ஆசை. யோசனை கேட்டு அணுகியது ஸ்டாட்லரை. 1800ஐ ஒட்டி ஸ்டாட்லர் எழுதிக் கொடுத்த 'இசைத் திட்டம்' ஏறக்குறைய 50 பக்கம்.

ஆறு ஆண்டுப் படிப்பு. குரல் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் பாடக் கற்க வேண்டும். இசையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவனுக்கு உலக அறிவும் கணிதமும் கவிதையும் பேச்சுக்கலையும் பல மொழிகளும் வேண்டும் என்று எழுதுகிறார். ஒரு கிளாரினெட்காரரிடம் கிளாரினெட் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருந்தாலும் வியப்பில்லை. அவர் எழுதியதோ முழு மனிதனை எப்படி இசைக்காரனாக்குவது என்பதை.

பாடுவதைப் பற்றிய விதியை நான் சும்மா கடக்க விரும்பவில்லை. நானும் சில பிள்ளைகளுக்குக் கிளாரினெட் சொல்லிக் கொடுக்கிறேன். ஊதும்போது அபசுரம் தட்டும் பிள்ளையை வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைப் பாடச் சொல்வேன். வெட்கப்படுவார்கள், குரல் உடையும். ஆனால் மறுபடி ஊதும்போது மூச்சு எங்கே முடிய வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். ஷிங்க் 1784இல் ஸ்டாட்லரிடம் கேட்டது மனிதக் குரலை. பதினைந்து ஆண்டு கழித்து ஸ்டாட்லர் மாணவர்கள் எல்லாரையும் பாட வைக்கச் சொல்கிறார். தம் கையில் இருந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தம் வரவு செலவை ஒழுங்காக வைக்கத் தெரியாதவர், அடுத்தவர் பிள்ளைகளின் ஆறு ஆண்டுகளை இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்டார் என்பது வேடிக்கைதான். ஆசிரியர்களில் இப்படிப்பட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1799இல் அரசவையிலிருந்து ஓய்வூதியம் பெற்றார். அதன் பிறகும் சில ஆண்டுகள் வாசித்தார், பாட்டுகளும் இயற்றினார். துணையில்லாமல் தனி கிளாரினெட் வாசிக்க மூன்று கப்ரீச்சோக்கள், மூன்று பாசெட் ஹார்ன்களுக்கான சிறு பாடல்கள், பிரபலமான மெட்டுகளின் மேல் வேறுபாடுகள். இவற்றை மொசார்ட்டோடு ஒப்பிட்டால் அவருக்கு அநியாயம் செய்வோம். ஒரு வித்வான் தம் வாத்தியத்தின் சந்து பொந்துகளைக் காட்டும் பாட்டுகள். இரண்டு கிளாரினெட்டுகளுக்கென ஆறு சிறு பாடல்களும் எழுதியிருக்கிறார். எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்கார்ந்து ஊதத் தோதானவை. தம்பி யோஹான் 1804இல் இறந்தார். ஆன்டன் 1812 ஜூன் 15 அன்று வியன்னாவில் இறந்தார்.

கேட்டுப் பார்க்க விரும்பினால், கன்செர்ட்டோவைப் பாசெட் கிளாரினெட்டில் வாசித்த ஒலிப்பதிவாகத் தேடுங்கள். ஆன்டனி பே பழைய முறை வாத்தியங்களோடு வாசித்தது இருக்கிறது. எரிக் ஹோப்ரிச் அந்த ரிகா படத்தைப் பின்பற்றிச் செய்த வாத்தியத்தில் வாசித்ததும் இருக்கிறது. சபீனா மேயர் வாசிப்பது இன்றைய பாணிப் பாசெட் கிளாரினெட்டில். பக்கத்திலேயே சாதாரண கிளாரினெட்டில் வாசித்த பதிவு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் மெட்டு கீழே சரியும் இடங்கள் வரும். ஒன்றில் அது பாதிப் படியில் திரும்பிவிடும். மற்றதில் கடைசிப் படி வரை இறங்கி, சட்ஜத்தில் உட்காரும்.